கோப்பை முதலில், கறிச்சட்டி கடைசியில்

பேராவின் சிலிம் ரிவர் பட்டணத்தையும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களையும் அறிந்தவர்களுக்கு அங்குள்ள சமையலறைகளின் அளவைச் சொல்லத் தேவையில்லை. லயத்து வீடோ, தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய மலிவு விலை வீடோ, அடுப்பு ஒரு பக்கம், சிங்க் ஒரு பக்கம், நடுவில் ஒரு ஆள் திரும்ப இடம். சிங்க்கும் பெரும்பாலும் ஒற்றைத் தொட்டிதான். அரிசி களைவதும் மீன் கழுவுவதும் பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தலை அலசுவதும் அதே தொட்டியில். மூன்று வேளை மங்கும் சட்டியும் வந்து குவிவதும் அங்கேதான்.

இப்படிப்பட்ட இடத்தில் பாத்திரம் கழுவுவது பாரமாக இருக்கிறது என்றால் அதற்கு இடம் சிறியது என்பதையே எல்லோரும் காரணமாகச் சொல்கிறார்கள். நல்ல சவர்க்காரம் வாங்க வேண்டும், குழாயை நன்றாகத் திறந்துவிட வேண்டும், அழுத்தித் தேய்க்க வேண்டும் என்று அதற்கு வழியும் சொல்கிறார்கள். இந்த மூன்றையும்விடப் பெரிய பலன் தருவது வரிசை. எதை முதலில் தண்ணீரில் இறக்குவது, எதைக் கடைசிக்கு வைப்பது, எதை ஊறவிடுவது, கழுவியதை எங்கே காயவிடுவது என்ற ஒழுங்கு சரியாக இருந்தால் தண்ணீர், சவர்க்காரம், கைவலி மூன்றும் தாமாகக் குறையும். அது ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு இந்த வரிசை தெரியும். லயத்துக்குப் பொதுவாக ஒரு குழாய், அதிலும் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் தண்ணீர் என்று இருந்த காலத்தில், சுமந்து வந்த வாளித் தண்ணீரை யாரும் வெறுமனே ஓடவிட மாட்டார்கள். ஒரு பேசினில் தேய்ப்பது, இன்னொன்றில் அலசுவது. எண்ணெய் படாத கோப்பைகள் முன்னால், குழம்புச் சட்டி பின்னால். அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் பக்கத்தில். முதலாளி கட்டித் தரும் வீட்டுக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தரவேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் சொன்னது. அது பெற வேண்டிய உரிமை. பொதுக்குழாய்க் காலம் திரும்பி வரவேண்டும் என்று யாரும் விரும்பக்கூடாது. ஆனால் குழாய் வீட்டுக்குள் வந்தபோது அந்த இரண்டு பேசின் பழக்கமும் கூடவே போய்விட்டது. அதை இழந்திருக்க வேண்டியதில்லை.

ஓடும் தண்ணீரில் கழுவினால்தான் சுத்தம் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அலசுவதற்கு ஓடும் தண்ணீர் நல்லதுதான். தேய்க்கும் நேரம் முழுவதும் ஓடும் தண்ணீர் எதையும் சுத்தம் செய்வதில்லை. அது சவர்க்காரத்தைத்தான் அடித்துக்கொண்டு போகிறது. சாதாரணக் குழாய் ஒரு நிமிடத்துக்கு 6 முதல் 10 லிட்டர் வரை ஊற்றும். ஒரு வாளியையும் கைப்பேசியில் உள்ள கடிகாரத்தையும் வைத்து எந்த வீட்டிலும் இதை அளந்து பார்க்கலாம். கால் மணி நேரம் திறந்து வைத்தால் 90 லிட்டருக்குக் குறையாது. மலேசியாவில் ஒருவர் ஒரு நாளைக்குப் பயன்படுத்தும் தண்ணீர் சராசரியாக 200 லிட்டருக்கு மேல். அதில் ஏறக்குறைய பாதி அளவு ஒருவேளைப் பாத்திரத்தோடு போய்விடுகிறது.

ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் ரைனர் ஷ்டாமிங்கர் என்ற பேராசிரியரின் குழு, 2000-களின் தொடக்கத்தில் இதையே ஓர் ஆய்வாக நடத்தியது. பல ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்டோரிடம் 12 பேர் சாப்பிட்ட அளவுக்கு அழுக்குப் பாத்திரங்களைக் கொடுத்து, அவரவர் வீட்டு வழக்கப்படி கழுவச் சொன்னார்கள். சராசரி 103 லிட்டர் தண்ணீர், 79 நிமிடம். ஆனால் கவனிக்க வேண்டியது சராசரியை அல்ல, வித்தியாசத்தை. சிலர் 20 லிட்டர் அளவில் முடித்துவிட்டார்கள். சிலருக்கு 300 லிட்டரும் போதவில்லை. பாத்திரங்கள் ஒன்றே. அதிகம் செலவழித்தவர்களின் பாத்திரம் அதற்கேற்ப அதிகச் சுத்தமாக இருந்ததாகவும் இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், குழாயைத் திறந்து வைத்துக் கழுவுவதைவிடப் பாத்திரம் கழுவும் இயந்திரம் மேலானது என்று கண்டார்கள். அந்த இயந்திரத்தையும்விடக் குறைவாகக் கரிவாயு வெளியிட்ட ஒரு முறையும் அதே ஆய்வில் இருந்தது: ஒரு தொட்டியில் வெந்நீரும் சவர்க்காரமும், இன்னொரு தொட்டியில் அலசத் தண்ணீர். நம் லயத்துப் பாட்டிகளின் முறை அது.

இரண்டு தொட்டி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். சிங்க்குக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் பேசின் சவர்க்காரத் தண்ணீருக்கு. அலசுவதற்குப் பக்கத்தில் ஒரு வாளி, அல்லது கடைசியில் மட்டும் சிறிதாகத் திறக்கும் குழாய். பேசினை எடுத்துவிட்டால் சிங்க் மறுபடி சமையலுக்கு. சின்னச் சமையலறைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறில்லை.

இனி வரிசைக்கு வருவோம். முதல் வேலை தண்ணீரே இல்லாத வேலை: வழித்துப் போடுவது. சோற்றுப் பருக்கை, மீன் முள், கறிவேப்பிலை, குழம்பின் அடியில் தங்கிய எண்ணெய் எல்லாம் குப்பைக்குப் போகவேண்டும். எண்ணெய் படிந்த குவாலியைப் பழைய செய்தித்தாளால் ஒருமுறை துடைத்தாலே பாதி வேலை முடிந்தது. பொரித்து மிஞ்சிய எண்ணெயை ஒரு போத்தலில் சேர்க்கலாம்; அதை விலைக்கு வாங்கி எரிபொருள் தயாரிப்புக்கு அனுப்புகிறவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு பொறுப்பு இருக்கிறது. பழைய லயங்களிலும் வரிசை வீடுகளிலும் பல இடங்களில் சிங்க் தண்ணீர் கழிவறைக் குழாயோடு சேராமல் நேராக வீட்டுப் பின்புறத்து லோங்காங்குக்குப் போகிறது. அங்கே எண்ணெய் ஆறி, சுவரில் பிசினாகப் படிந்து, பருக்கையையும் முள்ளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நாற்றமும் எலியும் அதனால் வருபவை. லோங்காங் தண்ணீர் அதோடு நிற்பதில்லை. சிலிம் ஆறு பெர்ணம் ஆற்றில் கலக்கிறது. அந்தப் பெர்ணம் ஆற்றுத் தண்ணீரைத் தடுத்துத் திருப்பித்தான் சிலாங்கூரின் தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் பக்கத்து வயல்களுக்குப் பாய்ச்சுகிறார்கள். ஏறக்குறைய 20,000 ஹெக்டேர் நெல் அந்த ஆற்றை நம்பியிருக்கிறது. ஒரு வீட்டுச் சட்டியில் துடைக்கும் எண்ணெய் சின்ன அளவுதான். ஆனால் ஆற்றின் மேல்பக்கத்தில் இருப்பவர்கள் நாம்.

இரண்டாவது வேலை ஊறவிடுவது. காய்ந்த சோறு உலோகத்தை இறுகப் பிடித்திருக்கும். மாவுச்சத்துக்குள் தண்ணீர் புக நேரம் வேண்டும். பானையில் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விட்டால் விரலால் தள்ளினாலே வந்துவிடும். உடனே தேய்த்தால் கையும் வலிக்கும், பானையும் கீறும். பால், முட்டை ஒட்டியவற்றுக்கு முதலில் பச்சைத் தண்ணீர்தான். கொதிநீர் பட்டால் அவற்றிலுள்ள புரதம் வெந்து இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். பாயசச் சட்டியில் சுடுதண்ணீர் ஊற்றிவிட்டு மணிக்கணக்காகச் சுரண்டுவது இதனால்தான். அடிப்பிடித்துக் கருகிய எவர்சில்வர் சட்டிக்குச் சமையல் சோடா ஒரு கரண்டி போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆறவைக்கலாம். அலுமினியத்துக்கு அது ஆகாது. காரம் அலுமினியத்தை அரித்துக் கறுக்கச் செய்யும். முன்பு சாம்பல் போட்டுத் தேய்த்த அலுமினியச் சட்டிகள் மங்கிப்போனதற்கும் அதுவே காரணம். பித்தளைக்கு நேர்மாறு. அதன்மேல் படியும் களிம்பைக் கரைப்பது புளியிலுள்ள அமிலம். தோசைக்கல்லை ஊறவைக்கவே கூடாது.

ஊறுவது என்றால் அரை மணி, ஒரு மணி. இரவு முழுவதும் அல்ல. குளிர்நாட்டில் எழுதப்பட்ட சமையல் குறிப்புகள் இரவெல்லாம் ஊறட்டும் என்று சொல்லலாம். நம் ஊரில் நள்ளிரவிலும் சமையலறை 25 பாகைக்கு மேல்தான் இருக்கும். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பம் கிருமி பெருகும் வெப்பம் என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. ஏற்ற சூட்டில் இருக்கும் எச்சில் தண்ணீரில் சில கிருமிகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். இரவு பத்து மணிக்கு ஊறப்போட்ட சட்டி காலையில் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கரப்பான் பூச்சிக்கும் அது விருந்து. அலுப்பாக இருந்தால் வழித்துத் துடைத்து உலர்வாக அடுக்கி வைத்துவிட்டுத் தூங்குவது மேல்.

மூன்றாவது, சவர்க்காரம். அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் எவ்வளவு போடுவது என்ற குழப்பம் தீரும். சவர்க்காரத்தின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு முனை. ஒன்று தண்ணீரை நாடும், மற்றது எண்ணெயை நாடும். எண்ணெயை நாடும் முனைகள் ஒரு துளிக் கொழுப்பைச் சுற்றிக் குத்திக்கொண்டு நிற்க, வெளியே நீட்டிய முனைகள் அந்தத் துளியைத் தண்ணீரோடு சேர்த்து மிதக்க வைக்கும். தேய்ப்பது கொழுப்பைச் சிறு துளிகளாக உடைக்க. சவர்க்காரம் அந்தத் துளிகள் மறுபடி ஒட்டாமல் பிடித்து வைக்க. வேலைப் பங்கீடு இவ்வளவுதான்.

அந்த எண்ணெய் முனை எங்கிருந்து வருகிறது என்பதைச் சிலிம் ரிவர்வாசிகள் அறிய வேண்டும். இன்றைய பாத்திரச் சவர்க்காரங்கள் பலவற்றின் மூலப்பொருள்களில் ஒன்று லாரிக் அமிலம். அது தேங்காய் எண்ணெயிலும் செம்பனை விதைக்குள் இருக்கும் பருப்பின் எண்ணெயிலும் ஏறக்குறைய பாதி அளவுக்கு இருக்கிறது. 1917-இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வணிகப் பயிராகத் தொடங்கிய செம்பனை, பிறகு பேராவின் ரப்பர் காடுகளை விழுங்கியது. பால்மரம் வெட்டிய கைகள் பழக்குலை அறுக்கும் கைகளாயின. அந்த உழைப்பின் ஒரு துளி இன்று சிங்க் ஓரத்துப் போத்தலில் இருக்கிறது. அதைத் தேவைக்கு மேல் பீய்ச்சி வீணாக்குவதில் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

தேவை எவ்வளவு? ஐந்து லிட்டர் பேசினுக்கு ஒரு தேக்கரண்டி போதும். அதற்கு மேல் போட்டால் சுத்தம் கூடாது, அலசும் தண்ணீர்தான் கூடும். நுரை நிறைய வந்தால்தான் சுத்தம் என்பதும் பிழை. நுரை வேறொன்றைக் காட்டுகிறது: தண்ணீரில் கொழுப்பு நிறைய நிறைய நுரை செத்துப்போகும். நுரை அடங்கிவிட்டால் அந்தத் தண்ணீரின் வேலை முடிந்தது, கொட்டிவிட்டு மாற்ற வேண்டும். வரிசையின் அவசியம் இங்கே விளங்கும். குழம்புச் சட்டியை முதலில் இறக்கினால் பேசின் முதல் நிமிடத்திலேயே கொழுப்பால் நிறைந்துவிடும். பிறகு அதில் விழும் கண்ணாடிக் குவளை எண்ணெய் பூசிக்கொண்டு வெளியே வரும். அதைத் தேய்க்க இன்னும் சவர்க்காரம், இன்னும் தண்ணீர். மாறாக, குவளை, கோப்பை, கரண்டி, சாப்பிட்ட மங்கு, சமைத்த சட்டி, கடைசியாகக் குவாலி என்று போனால் ஒரே பேசின் தண்ணீர் சட்டி வரைக்கும் வரும். அதை மாற்றினாலும் ஒருமுறைதான் மாற்ற நேரும். கத்தியை மட்டும் பேசினுக்குள் போட்டு வைக்காதீர்கள். நுரைக்கு அடியில் அது தெரியாது.

தண்ணீரின் சூட்டையும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் சிங்க்குக்கு வெந்நீர்க் குழாய் கிடையாது. பெரும்பாலான நாள்களில் தேவையும் இல்லை. போத்தலில் விற்கும் பாமாயிலும் தேங்காய்ப்பாலில் உள்ள எண்ணெயும் நம் குழாய்த் தண்ணீரின் சூட்டிலேயே திரவமாக இருக்கும். தேங்காய் எண்ணெய் 25 பாகைக்குள் உருகிவிடும். ஆனால் ஆட்டுக்கொழுப்பு உருக 45 பாகை அளவுக்குச் சூடு வேண்டும். தீபாவளிக் காலையில் ஆட்டிறைச்சிப் பிரட்டல் செய்த சட்டியைப் பச்சைத் தண்ணீரில் எத்தனை முறை சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் வழவழப்பு போகாமல் வெள்ளைப் படலம் கையில் ஒட்டுவது ஏன் என்பதற்கு இதுவே விடை. தேய்ப்பவரின் கையில் குறையில்லை, தண்ணீரில் சூடில்லை. கெத்தலில் கொதித்த தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் மூன்று பங்கு கலந்தால் ஏறக்குறைய 46 பாகை வரும். கையுறை போட்டுக்கொண்டால் தாராளமாகத் தாங்கலாம். நெய்ப் பாத்திரத்துக்கும் இதே வழி.

மஞ்சள் கறை தனிக் கதை. மஞ்சளின் நிறமி தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். பிளாஸ்டிக் டப்பா எண்ணெயை எளிதில் விடாது. அதனால் எண்ணெயோடு சேர்ந்த மஞ்சள் அதில் ஏறிக்கொள்கிறது. காரத்தன்மையுள்ள சவர்க்காரம் பட்டதும் அது சிவந்து காட்டினால் பயப்பட வேண்டாம், குங்குமம் செய்வதும் அந்த மாற்றத்தை வைத்துத்தான். கழுவிய டப்பாவை ஒரு பகல் வெயிலில் வைத்தால் கறை வெளுத்துவிடும். அந்த நிறமிக்கு வெளிச்சம் ஆகாது.

கோழி கழுவும் சிங்க்கைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முழுமையாகாது. மஞ்சளும் உப்பும் போட்டு இறைச்சி கழுவுவது நம் வழக்கம். அதை விட்டுவிடச் சொன்னால் பலர் ஏற்க மாட்டார்கள். ஆனால் அமெரிக்க வேளாண்மைத் துறை 2019-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைக் கேளுங்கள். பச்சைக் கோழியைக் கழுவியவர்களில் 60 விழுக்காட்டினரின் சிங்க்கில் கோழியிலிருந்து வந்த கிருமி இருந்தது. சிங்க்கைச் சுத்தம் செய்ய முயன்ற பிறகும் 14 விழுக்காட்டினரின் சிங்க்கில் அது இருந்தது. கழுவித்தான் ஆகவேண்டும் என்றால் சிங்க்கில் ஒரு பாத்திரமும் இல்லாத நேரத்தில், தனிச் சட்டியில், குழாயைத் திறந்துவிடாமல் கழுவுங்கள். பிறகு சிங்க்கைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கொதிநீர் ஊற்றுங்கள். மங்கு கழுவுவது அதற்குப் பிறகு. இறைச்சி வெட்டிய பலகையும் கத்தியும் மற்றப் பாத்திரங்களோடு ஒரே பேசினில் சேரக்கூடாது. இங்கேயும் வரிசைதான் பாதுகாப்பு.

கடைசி வேலை காயவிடுவது. பல வீடுகளில் நன்றாகக் கழுவிய பாத்திரம் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். ஈரத்தோடு ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கினால் நடுவில் காற்றுப் போகாது. நாள் முழுக்கத் தோளில் கிடந்த துண்டால் துடைத்தால் கழுவியதை மறுபடி அழுக்காக்குகிறோம். ஈரமே கிருமிக்கு வீடு. ஜெர்மனியின் ஃபுர்ட்வாங்கன் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் எகர்ட் குழுவினர் 2017-இல் வீடுகளில் புழங்கிய ஸ்பாஞ்சுகளை ஆராய்ந்தபோது, சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 5,000 கோடிக்கும் மேற்பட்ட பாக்டீரியாக்களைக் கண்டார்கள். அவை எல்லாமே நோய் தருபவை அல்ல என்றாலும், எப்போதும் நனைந்தே கிடக்கும் பொருள் என்னவாகும் என்பதை அது காட்டுகிறது. நார்வேயின் நோஃபிமா ஆய்வு நிலையம் 2021-இல் ஸ்பாஞ்சையும் பிரஷ்ஷையும் ஒப்பிட்டது. இரவில் உலர்ந்த பிரஷ்ஷில் சால்மொனெல்லா செத்துப்போனது; ஸ்பாஞ்சில் உயிரோடு இருந்தது. கரடுமுரடான, சீக்கிரம் உலரும் எதுவும் நல்லது. தேங்காய் நாரும் அப்படித்தான்: பிழிந்து உதறி ஆணியில் மாட்டினால் உலர்ந்துவிடும், மக்கினால் செடிக்கு எருவாகும். ஸ்பாஞ்சுதான் வசதி என்றால் சவர்க்காரத் தண்ணீர் தேங்கும் கிண்ணத்தில் அதைப் போட்டு வைக்காதீர்கள். வாரம் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

காயவிட இடம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு பின்லாந்துப் பெண்மணி விடை கண்டிருக்கிறார். மைஜு கெபார்ட் என்பவர் வீட்டு வேலையை ஆராயும் நிறுவனத்தில் பணிபுரிந்தார். ஓர் இல்லத்தரசி தன் ஆயுளில் ஏறக்குறைய 30,000 மணி நேரத்தைப் பாத்திரம் கழுவித் துடைப்பதில் செலவிடுகிறாள் என்று கணக்கிட்ட அவர், 1944-45-இல் சிங்க்குக்கு நேர் மேலே, அடிப்பலகை இல்லாத ஓர் அலமாரியை உருவாக்கினார். அதன் தட்டுகள் தண்ணீர் வடிய இடைவெளி விட்டவை. கழுவிய கையோடு மேலே செருகினால் தண்ணீர் சிங்க்குக்குள்ளேயே சொட்டும், துடைக்கும் வேலை இல்லை, மேசையில் இடமும் அடைபடாது, காய்ந்த பாத்திரத்தை எடுத்து வேறெங்கும் அடுக்கவும் வேண்டியதில்லை. அந்நாட்டு வீடுகளில் இன்றும் அது சாதாரணப் பொருள். நம் ஊர் இரும்புக் கடையில் கிடைக்கும் கம்பி ராக் ஒன்றைச் சிங்க்குக்கு மேலே சுவரில் திருகி மாட்டினால் ஏறக்குறைய அதே பலன் கிடைக்கும். மாட்டும்போது வீட்டில் உயரம் குறைந்தவரின் கைக்கு எட்டும்படி மாட்டுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கும் எட்டினால் அலசி அடுக்கும் வேலையை அந்தப் பிள்ளையிடமே கொடுக்கலாம். தேய்ப்பது ஒருவர், அலசுவது இன்னொருவர் என்று இரண்டு பேசின் முறை இரண்டு பேருக்குத் தோதாகத்தான் இருக்கிறது.